சுவரில் வரைந்த கருந்துளை

பள்ளிக்கூடச் சுவரில் கருந்துளையை வரைந்து முடித்தாயிற்று என்று அம்மா போனில் சொன்னபோது வுயிசேகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எவ்வளவு பெரிசும்மா?"

"ஆள் உசரத்துக்கு மேல. நானே பக்கத்துல நின்னு பார்த்துட்டேன். தண்ணித் தொட்டிக்கு அடிக்கிற தார் பெயிண்ட்டாம், அப்படி ஒரு கறுப்பு. கீழே உன் பேரு, வம்சப் பேரு எல்லாம் எழுதியிருக்கு. சனிக்கிழமை நீ வந்து துணியை விலக்கணும். ஆட்டுக்குச் சொல்லியாச்சு. சர்ச்சுப் பொம்பளைங்க அத்தனை பேரும் சிவப்புச் சட்டை போட்டுகிட்டு வர்றாங்க. கேக்குதா, மாஜோலா?"

மாஜோலா என்பது வம்சத்தைச் சொல்லி அழைப்பது. சாதாரண நாளில் அம்மாவுக்கு அவள் வெறும் வுயிதான். பெருமை பொங்கி வழிகிற நாளில்தான் மாஜோலா. போன மாதம் வுயிசேகா கோசா மொழி ரேடியோவில் பேசிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அம்மா வாயில் வுயி வரவில்லை.

அப்படி என்ன பேசிவிட்டாள்? கேட்பவர்களுக்குப் பெரிய வித்தைபோலத் தோன்றும். விஷயம் இவ்வளவுதான். வானத்தில் விருச்சிக ராசியின் பக்கத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று நம் சூரியனைவிடச் சற்றுச் சூடு குறைந்த நட்சத்திரம், மங்கலாகத் தெரியும். மற்றொன்று கண்ணுக்கே தெரியாது. பல வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்திலிருந்து எக்ஸ் கதிர்கள் சில மாதம் கொட்டோ கொட்டு என்று கொட்டின. பிறகு சத்தமே இல்லை. அப்போது பார்த்துக்கொண்டிருந்த செயற்கைக்கோள் ஒன்று, ஒரே ஒரு தடவை, சில விநாடிகளுக்கு ஒரு எக்ஸ் கதிர் மின்னலையும் பதிவு செய்து வைத்தது. அது பக்கத்தில் வேறு ஏதோ மின்னியது என்று வுயிசேகா தன் வானியல் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டாள்.

தெரியாததை எப்படி எடை போடுவது? தெரிகிறதை வைத்துத்தான். நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே மெல்லிய இருட்டுக் கோடுகள் இருக்கும். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அந்தக் கோடுகள் நீலத்தின் பக்கம் நகரும். விலகிப் போகும்போது சிவப்பின் பக்கம் நகரும். கோடு எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து வேகம் தெரியும். எத்தனை மணி நேரத்தில் திரும்பப் பழைய இடத்துக்கு வருகிறது என்பதிலிருந்து சுற்று தெரியும். வேகமும் சுற்றும் தெரிந்தால், இந்தப் பக்கம் ஆடுகிறவனை அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்திருப்பவன் குறைந்தபட்சம் எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

வுயிசேகாவின் கணக்கில் சுற்று பதினெட்டு மணி நேரம். கனம் மூன்று சூரியனுக்கு மேல். அந்தக் கனத்தில் ஒளியில்லாமல் ஒன்று இருக்கிறதென்றால் அது கருந்துளைதான்; வேறு போக்கே கிடையாது. அதைத்தான் ரேடியோவில் சொன்னாள். "நம்ம மொழியில் கருந்துளைக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று அறிவிப்பாளர் கேட்க, ஊர் ஊராகப் போன் வந்து அமளிப்பட்டது. ட்சோலோவுக்குப் பக்கத்தில் அவள் படித்த ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியர் மபாண்ட்லா அன்று மாலையே தார் பெயிண்ட் வாங்கப் போய்விட்டார்.

அந்த வாரம் அவள் ஊரிலிருந்து வெகுதூரத்தில், கரூ என்ற வறண்ட வெட்டவெளியில், தொலைநோக்கிகள் இருக்கும் குன்றில் இருந்தாள். வசந்தம் என்று பெயர்தான். காற்று தோலை உரித்தது. சனிக்கிழமைக்காகக் குழந்தைகளுக்குக் காட்ட ஒரு சின்னப் படம் செய்ய உட்கார்ந்தாள். திரையின் ஒரு பாதியில் நட்சத்திரம் சுற்ற வேண்டும். மறு பாதியில் கோடு நீலத்துக்கும் சிவப்புக்கும் ஆட வேண்டும். கற்பனைக் கோடு வேண்டாம், நான் எடுத்த நிஜக் கோடுகளையே வரிசையாகக் கோப்போம் என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். அதுதான் வினையாகவும் முடிந்தது.

முப்பதுக்கு மேற்பட்ட நிறமாலைகளையும் சுற்றின் வரிசைப்படி அடுக்கச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். பதினெட்டு மணி நேரத்துக்கு அடுக்கியது. கோடு அழகாக அலைபோல் போய்த் திரும்பியது. அவள் அதோடு எழுந்து தேநீருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. முதலில் கணக்குப் போட்ட நாளில் பதினெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் வந்திருந்தது, பத்து மணி நேரமும் கொஞ்சமும். எந்த எண் எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் வரைபடத்தில் பதினெட்டின் சிகரம் இதைவிட ஒரு முடி அளவு உயரம். உயரமானதை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டிருந்தாள். இப்போது ஒரு விளையாட்டுக்காக அந்த எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள்.

கோடு மறுபடியும் அழகாக அலைபோல் போய்த் திரும்பியது. ஒரு புள்ளிகூட வரிசை பிசகவில்லை.

இரண்டு படங்களையும் மாற்றி மாற்றி ஓடவிட்டாள். எது நிஜம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வேகம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அதே வேகத்தில் சீக்கிரம் சுற்றி முடித்தால் பாதை சின்னது. சின்னப் பாதையில் போகிறவனைப் பிடித்து வைக்க அவ்வளவு கனமான கை தேவையில்லை. பத்து மணி என்றால் கனம் இரண்டு சூரியனை ஒட்டித்தான் வரும். அப்போது அதைக் கருந்துளை என்று ரேடியோவில் சொல்ல எந்த நியாயமும் இல்லை.

சாயங்காலம் நாலு மணித் தேநீருக்குப் போனபோது அவள் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. இரவெல்லாம் விழிப்பவர்களுக்கு நாலு மணிதான் காலை. ரெண்டியா லோம்பார்ட் ரஸ்க்கைக் காபியில் முக்கிக்கொண்டிருந்தாள். வுயிசேகாவின் வயதுதான், படிக்கும் காலத்திலிருந்து சேர்ந்தே சண்டை போட்டு வளர்ந்தவர்கள். தொலைநோக்கியை இயக்கும் ரித்வான், இருவருக்கும் பத்து வயது மூத்தவர், ஜன்னலோரம் நின்று மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே? ரேடியோ ஸ்டாருக்கு என்ன குறை?" என்றாள் ரெண்டியா.

வுயிசேகா மடிக்கணினியை மேசைமேல் வைத்து இரண்டு படங்களையும் ஓடவிட்டாள். ரெண்டியாவின் ரஸ்க் பாதி காபிக்குள் கரைந்து விழுந்தது.

"அடிப்பாவி. நீ எடுத்ததுல மேற்கு ஜன்னல் எத்தனை?"

"ஒண்ணுகூட இல்லை."

"ஒண்ணுகூடவா?"

இந்தத் தொலைநோக்கி தலையை மேலும் கீழும் ஆட்டாது. ஒரே சாய்வில் நிற்கும். பக்கவாட்டில் மட்டும் திரும்பும். அதனால் எந்த நட்சத்திரமும் கிழக்கே ஏறும்போது ஒரு தடவையும் மேற்கே இறங்கும்போது ஒரு தடவையும்தான் அதன் கண்முன்னால் கடந்து போகும். குன்றில் இருப்பவர்கள் அதைக் கிழக்கு ஜன்னல், மேற்கு ஜன்னல் என்பார்கள். வுயிசேகாவுக்குக் கிடைத்ததெல்லாம் கிழக்கு ஜன்னல். மேற்கு ஜன்னல் நேரத்தில் ஒரு மாதம் வேறொருவர் முறை, ஒரு மாதம் பனி, ஒரு மாதம் மழை மேகம். கிடைத்தது போதும் என்று இருந்துவிட்டாள்.

"ரொம்ப ஜோர்," என்றாள் ரெண்டியா. "தினமும் காலையில ஒரே நேரத்துக்கு வாசல்ல வந்து நின்னு மினிபஸ் டாக்ஸியைப் பாக்குறே. நேத்து நின்ன இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி நிக்குது. நடுவுல அது ஊரை ஒரு சுத்து சுத்துச்சா, ரெண்டு சுத்து சுத்துச்சா? உனக்கு எப்படிடி தெரியும்? டாக்ஸிக்காரனைக் கேட்டியா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணேகால் சுத்துக்கு மேல, இல்லைன்னா ரெண்டேகால் சுத்துக்கு மேல. ரெண்டுலயும் மறுநாள் அதே நேரத்துக்கு அந்தத் தள்ளின இடத்துலதான் வந்து நிக்கும். எனக்குத் தெரியும் ரெண்டியா. சொல்லிக் காட்டாதே."

"தெரிஞ்சிருந்துச்சுல்ல? அப்புறம் ஏன் பதினெட்டை எடுத்தே?"

வுயிசேகா தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். பதில் அவளுக்குத் தெரியும். கருந்துளை வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவ்வளவுதான். ஒரு முடி உயரத்துக்கு அந்த ஆசைதான் முட்டுக் கொடுத்திருந்தது.

"ஆசைப்பட்டேன்," என்றாள்.

ரெண்டியா ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"மேற்கு ஜன்னல் இப்போ எப்போ?" என்று ரித்வான் கேட்டார்.

"பொழுது சாஞ்சதும். வானம் இருட்டுறதும் ஜன்னல் மூடுறதும் ஏறக்குறைய ஒண்ணா வரும். இன்னும் ரெண்டு மூணு நாள்தான் அண்ணே. அப்புறம் சூரியன் பக்கத்துல போய் ஒளிஞ்சுக்கும். திரும்ப வர வருஷம் பொறக்கணும். ஆனா இந்த வாரம் எனக்கு நேரம் இல்லை. நாளைக்குச் சாயங்காலம் ரெண்டியாவோட முறை."

"எடுத்துக்கோ," என்றாள் ரெண்டியா, கரைந்த ரஸ்க்கைக் கரண்டியால் தோண்டியபடி.

"உன் கேலக்ஸியை யார் பாக்குறது?"

"என் கேலக்ஸி எங்கேயும் ஓடிப் போகாது. நீ பொய் சொன்னியா இல்லையான்னு பாக்குறதுல எனக்கு இருக்குற ஆசை, என் கேலக்ஸி மேல இல்லை. போ, பலகையில எழுது."

பலகை அந்தத் தேநீர் அறையின் சட்டம். எதையாவது முன்கூட்டிச் சொல்கிறவர்கள், தொலைநோக்கி கண் திறக்கும் முன்னால், அதைச் சாக்குக்கட்டியால் அங்கே எழுதிக் கீழே பெயர் போட வேண்டும். எழுதியது சரியோ தப்போ, ஒரு வருடத்துக்கு யாரும் துடைக்கக் கூடாது. தப்பாய்ப்போன எத்தனையோ பெரிய மனிதர்களின் கையெழுத்து அதில் தொங்கிக்கொண்டிருந்தது. தேநீருக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் சர்க்கரை போடுவார்கள். வுயிசேகா அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே கணக்கை முடித்துவிட்டாள். மறுநாள் மேற்கு ஜன்னலில், சுற்று பதினெட்டு மணி என்றால் நட்சத்திரம் நம்மை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும். கோடு நீலத்தின் பக்கம் நிற்கும். பத்து மணி என்றால் விலகி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; கோடு சிவப்பின் பக்கம் நிற்கும். நீலம் ஓரிடம், சிவப்பு ஓரிடம், நடுவில் பேச்சுக்கே இடமில்லை. பலகையில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டாள். ஒன்றின் கீழ் 'பதினெட்டு, வுயிசேகா' என்று எழுதினாள். மற்றதன் கீழ் வெறும் 'பத்து' என்று எழுதிவிட்டுச் சாக்குக்கட்டியை வைத்தாள்.

"அதுக்கு அப்பா பேரு?" என்றார் ரித்வான்.

"அது அநாதை அண்ணே."

மறுநாள் மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். வுயிசேகா மறைக்க நினைக்கவில்லை. மறைத்தால் சனிக்கிழமை அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

"அம்மா, நான் ரேடியோல சொன்னது தப்பா இருக்கலாம்."

மறுமுனையில் அம்மா கோழிகளை விரட்டினாள்.

"எது தப்பு?"

"அது கருந்துளையா இல்லாம இருக்கலாம். இன்னைக்குச் சாயங்காலம் தெரிஞ்சிடும்."

"வுயி," என்றாள் அம்மா. மாஜோலா போயே போய்விட்டாள். "சுவத்துல வரைஞ்சாச்சு. ஆட்டைக் கட்டியாச்சு. பக்கத்து ஊர் ஸ்கூல்லேர்ந்து புள்ளைங்க லாரி ஏறி வருது. நான் சர்ச்சுல எழுந்து நின்னு ஜெபத்துல உன் பேரைச் சொன்னேன். ஆண்டவர்கிட்ட நான் பொய்யா சொன்னேன்?"

"இல்லம்மா. நான்தான் அவசரப்பட்டேன்."

"சாயங்காலம் தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமை சொல்லக் கூடாதா? வானத்துல இருக்குறது ரெண்டு நாள்ல எங்கே ஓடிடப் போகுது?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. நியாயமான கேள்வி என்பதுதான் கொடுமை.

பொழுது சாயும் நேரத்தில் மேற்கே மேகம் எழுந்தது. கட்டுப்பாட்டு அறையில் திரைகளின் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேலே கூரை திறந்து, அறுகோணத் துண்டுகளால் ஆன அந்தப் பெருங்கண்ணாடி வானத்தைப் பார்த்தபடி காத்திருந்தது. அடிவானம் ஆரஞ்சு, அதற்குமேல் பச்சை, அதற்குமேல் கருநீலம். மேகத்தின் நாக்கு ஒன்று சரியாக நட்சத்திரம் இறங்கும் பக்கமாக நீண்டது.

"தள்ளிப் போடா, தள்ளிப் போ," என்று ரித்வான் மேகத்தை ஆட்டை விரட்டுகிற மாதிரி விரட்டினார். "உனக்கு வேற வானமே கிடைக்கலையா?"

"இன்னும் இருட்டணும்," என்றாள் ரெண்டியா.

"இருட்டினா ஜன்னல் மூடிடும்," என்றாள் வுயிசேகா.

"மூடட்டும்னு வேண்டிக்கிறியாடி?" ரெண்டியா அவள் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "மூடிட்டா வருஷம் பொறக்குறவரைக்கும் நீ கருந்துளைக்காரி. யாரும் கேக்க முடியாது."

வுயிசேகாவுக்குச் சுருக்கென்றது. உள்ளுக்குள் ஒரு மூலையில் அந்த வேண்டுதல் நிஜமாகவே மண்டியிட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து ரித்வானின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"திறங்க அண்ணே. மேகம் வர்றதுக்குள்ள திறங்க."

கண் திறந்தது. திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. மேகத்தின் நாக்கு வந்தது, தயங்கியது, நுனி மட்டும் உரசிவிட்டு வடக்கே போனது. ஒளி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அவள் தாத்தனுக்குத் தாத்தன் பிறப்பதற்கும் எத்தனையோ ஆயிரம் வருடம் முன்னால் கிளம்பிய ஒளி. வழியில் ஒரு தூசியில்கூட முட்டாமல், அந்த மேகத்துக்கும் தப்பி, இந்தக் கண்ணாடியில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அதற்கு ரேடியோவைப் பற்றித் தெரியாது, ஆட்டைப் பற்றித் தெரியாது, சுவரைப் பற்றித் தெரியாது. அதை நினைத்ததும் வுயிசேகா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கண் மூடியது. நிறமாலை திரைக்கு வந்தது. மங்கலான, நடுங்குகிற ஒரு கோட்டுப் படம். அதன்மேல் அவள் தன் மாதிரி நட்சத்திரத்தை வைத்தாள். அதாவது, இவ்வளவு சூடு, இவ்வளவு கனம், இவ்வளவு வேகமாய்த் தன்னைத்தானே சுற்றுகிறது என்று கணக்கில் செய்து வைத்த ஒரு நட்சத்திரத்தின் நிறமாலை. நிஜத்தின் மேல் அதை வைத்து, தையல்காரர் துணியின்மேல் அளவுக் காகிதத்தை நகர்த்துவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, பள்ளத்தோடு பள்ளம் எங்கே பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

நீலத்தின் பக்கம் நகர்த்தினாள். பொருந்தவில்லை. இன்னும் நகர்த்தினாள். ஒரு பள்ளம்கூடச் சேரவில்லை. நடுவுக்குக் கொண்டுவந்தாள். பிறகு சிவப்பின் பக்கம் நகர்த்தினாள்.

படக்கென்று பொருந்தியது. பெரிய பள்ளம், சின்னப் பள்ளம், ஓரத்தில் சந்தேகமாய் இருந்த இரட்டைப் பள்ளம், எல்லாம் ஒன்றோடொன்று போய் உட்கார்ந்தன. பலகையில் அப்பா பேர் இல்லாமல் எழுதி வைத்த அதே இடம்.

"ஐயோ," என்றாள் வுயிசேகா. "ஐயோ, பாரு ரெண்டியா, பாரேன்!"

அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அது அவமான அழுகை இல்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. ஒரு சூரியனுக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு நெருப்பு மலை, விநாடிக்குள் கேப் டவுனிலிருந்து இந்தக் குன்றைத் தாண்டிப் போகிற வேகத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. அவள் தப்பாகச் சொன்னாள் என்பதற்காக அது ஒரு நாளும் தடம் மாறவில்லை. அவள் பதினெட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதும் அது தன்பாட்டுக்குப் பத்து மணியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நேற்று அவள் சாக்குக்கட்டியால் போட்ட கோட்டுக்கு, எத்தனையோ ஆயிரம் வருடம் முன்பே அது பதில் அனுப்பிவிட்டிருந்தது. இதைவிட மரியாதையாக ஒரு மனுஷியைத் திருத்த யாரால் முடியும்?

ரித்வான் தொப்பியைக் கழற்றினார். "சுப்ஹானல்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னார்.

ரெண்டியாதான் முதலில் தெளிந்தாள். நாற்காலியோடு உருண்டு வந்து வுயிசேகாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மின்னல்! அந்த மின்னலை என்னடி பண்ணினே? கட்டுரையில ஒரே வரியில ஒதுக்கினியே, அந்த எக்ஸ் கதிர் மின்னல்!"

"பக்கத்துல வேற ஏதோன்னு..."

"பக்கத்துல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லை! கருந்துளைக்கு மின்னல் வராதுன்னு நீயே துரத்திவிட்டுட்டே. இப்போ கருந்துளை இல்லையே!"

வுயிசேகா வாயைப் பிளந்தாள். அந்த மின்னலின் உருவம் அவளுக்கு மனப்பாடம். சட்டென்று எழும்பி, மெல்ல மெல்லத் தணிவது. நட்சத்திரத்திலிருந்து உறிஞ்சிய வாயு ஒரு பரப்பின்மேல் படிந்து, படிந்து, பாரம் தாங்காமல் ஒரே சமயத்தில் முழுவதும் பற்றி எரிந்தால் அப்படித்தான் வரும். கருந்துளைக்குள் விழுந்தது விழுந்ததுதான். படிவதற்கு அங்கே எதுவும் கிடையாது. பற்றி எரிய வேண்டுமானால் வந்து படிய ஒரு இடம் வேண்டும்.

"தரை," என்றாள். "அதுக்குத் தரை இருக்கு."

"தரை இருக்குடி!"

நியூட்ரான் நட்சத்திரம். ஏறக்குறைய இரண்டு சூரியனின் கனத்தை ஒரு ஊர் அளவுக்கு நசுக்கி வைத்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அறைக்குப் போகிற வழியில் ரெண்டியா தேநீர் அறைக்குள் புகுந்து, அநாதையாய் நின்ற 'பத்து' என்பதன் கீழ் கொட்டை எழுத்தில் 'தாய்: வுயிசேகா' என்று எழுதினாள். பக்கத்தில் 'பதினெட்டு, வுயிசேகா' அப்படியே இருந்தது. அதைத் துடைக்க ஒரு வருடம் ஆகும்; இருக்கட்டும் என்று வுயிசேகா நினைத்தாள். அன்றைக்கே, இன்னும் அச்சேறாத கட்டுரையை நிறுத்தச் சொல்லி ஆய்விதழுக்கு எழுதினாள். ரேடியோவுக்கும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பயணத்திலேயே போனது. சனிக்கிழமை காலை பள்ளி முற்றத்தில் சிவப்புச் சட்டைகளும், லாரியில் வந்த பிள்ளைகளும், ஆட்டிறைச்சி வேகும் மணமுமாக இருந்தது. சுவரில் ஒரு படுக்கை விரிப்பு தொங்கியது. தலைமையாசிரியர் மபாண்ட்லா அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர்; கோட்டுப் பையில் மடித்த வரவேற்புரைக் காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

"உங்க அம்மா சொன்னாங்க. பரவாயில்லம்மா. இன்னைக்குத் துணியை விலக்கிடுங்க, கைதட்டிடுவோம். சின்னப் புள்ளைங்க, இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் என்ன தெரியப் போகுது?"

"இன்னைக்குத் தெரியாது சார். ஆனா அதுல ஒண்ணு வளந்து மேற்கு ஜன்னல்ல உக்காரும். அன்னைக்குத் தெரிஞ்சிடும்."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்டார்.

அவள் துணியை விலக்கினாள். கரிய வட்டம், ஆள் உயரத்துக்கு மேல். பிள்ளைகள் "ஓ" என்றார்கள். குலவையிடச் சிவப்புச் சட்டைகள் வாயைத் திறந்தன. அவள் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"இது தப்பு," என்றாள். "நான் தப்பாச் சொன்னேன். சாரும் நீங்களும் கஷ்டப்பட்டு வரைஞ்சீங்க. தப்பு என்னோடதுதான்."

திறந்த வாய்கள் அப்படியே நின்றன. அம்மா முதல் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க வுயிசேகாவால் முடியவில்லை. எப்படித் தப்பாயிற்று என்பதை மினிபஸ் டாக்ஸியை வைத்துச் சொன்னாள். பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது. "ஆமா, ட்ரைவரைக் கேக்கணும்ல!" என்று ஒரு பெண் கத்தினாள். கொஞ்சம் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

பிறகு வெள்ளைச் சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் கேட்டு வாங்கினாள். வட்டத்தின் விளிம்பிலிருந்து உள்நோக்கி அடித்துக்கொண்டே வந்தாள். தாரின்மேல் சுண்ணாம்பு லேசில் ஒட்டவில்லை. திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. வட்டம் வண்டிச் சக்கரமாயிற்று. பானை வாயாயிற்று. தட்டாயிற்று. தன் பெயர் எழுதியிருந்த இடத்தையும் சேர்த்து அடித்தாள். கடைசியில் நடுவே ஒரு பொட்டு மட்டும் மிஞ்சியது; சூரியனுக்குப் பக்கத்தில் வைத்தால் நியூட்ரான் நட்சத்திரம் அவ்வளவுதான். கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.

"அவ்வளவுதானா?" அம்மாவின் குரல். எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். கோபமா அழுகையா என்று தெரியாத குரல். "இதுக்கா இவ்வளவு பாடு? எம்புட்டுத்தான் இருக்கும் அது?"

"இங்கேர்ந்து ம்தாதா டவுனுக்குப் போற தூரம்கூட வராதும்மா. காலையில ஒரு ஓரத்துல நடக்க ஆரம்பிச்சா, பொழுது சாயுறதுக்குள்ள அந்த ஓரத்துக்குப் போயிடலாம்."

"சின்னது."

"சின்னதுதான். அதுக்குள்ள ரெண்டு சூரியன் இருக்கு."

அம்மா திரும்பினாள்.

"வெளிச்சத்துல ரெண்டு சூரியன்னு சொல்றியா?"

"இல்லம்மா. கனத்துல. அந்தா தெரியுதே, அது மாதிரி ரெண்டை நசுக்கி, நசுக்கி, ட்சோலோவுக்கும் ம்தாதாவுக்கும் நடுவுல வெச்சாச்சு. பெரிய நட்சத்திரம் ஒண்ணு அதைப் பத்து மணி நேரத்துக்கு ஒருக்கா சுத்தி ஓடுது. விட்டுட்டுப் போக முடியலை. கருந்துளைன்னா அடியில்லாத குழி. இது குழி இல்லை. இதுக்குத் தரை இருக்கு. மேலே வந்து விழுறதெல்லாம் அந்தத் தரையில சேர்ந்து, ஒரு நாள் மொத்தமா பத்திக்கும். அந்த வெளிச்சம் இங்கே வரைக்கும் வந்துச்சு."

அம்மா அண்ணாந்து உச்சி வெயிலைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த பொட்டைப் பார்த்தாள். மறுபடி மேலே, மறுபடி பொட்டு. கைப்பையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

முன்வரிசைப் பிள்ளைகள் சுவரை நெருங்கி வந்து பொட்டைத் தொட விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா சட்டென்று குனிந்து, கைக்கு எட்டிய இரண்டு பிள்ளைகளின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"தள்ளி நில்லுங்க," என்றாள். குரல் இறங்கிவிட்டிருந்தது, சர்ச்சுக்குள் பேசுகிற மாதிரி. "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மாஜோலா, நீயும் தள்ளி வா."